ஒரே கார்டில் ஒரு விடுதி

பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் புத்தகம் எடுத்துக் கொடுப்பது, அடுத்த வீட்டுச் சண்டைக்குப் பஞ்சாயத்து பண்ணப் போவது மாதிரி. கடைசியில் இரண்டு பக்கத்திலும் திட்டு வாங்குவது நாமாகத்தான் இருக்கும். இதைப் படிக்கிற நூலகர்களே, பள்ளிக்கூட நூலக அலமாரியின் சாவி தலையில் கட்டப்பட்ட தமிழாசிரியர்களே, உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. நீங்கள் பட்டதைத்தான் நானும் பட்டேன். எனக்குச் சொந்த ஊர் திருக்கோவிலூர். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாவதற்கு ரொம்ப முன்னால், கல்வராயன் மலைக்கு பஸ் ஏறுகிற வழியில் ஒரு கிளை நூலகத்தில் போட்டார்கள். அங்கே பட்டதைத்தான் சொல்கிறேன்.

காலமானவர்கள் அலமாரி

நான் பொறுப்பேற்றபோது "இளைஞர் பகுதி" என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகையும் அதன் கீழே ஓர் இரும்பு அலமாரியும் இருந்தன. அலமாரி நிறைய வாழ்க்கை வரலாறுகள். தலைவர்கள், விஞ்ஞானிகள், தியாகிகள். ஒவ்வொன்றும் பிறந்த ஊரில் ஆரம்பித்து இறுதி ஊர்வலத்தில் முடியும். புத்தகம் தலைமை நூலகத்திலிருந்து மூட்டையாக வரும். நாம் கேட்டது வராது, வந்ததைப் பதிந்து அடுக்க வேண்டும். உங்களுக்குத் தெரியாததா?

வடக்கனந்தல் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருகிற பிளஸ் ஒன் பையன் ஒருவன் வரிசையாக நாலைந்து வரலாறுகளை எடுத்துப் போனான். எனக்கு ஒரே பெருமை. அடுத்ததை நீட்டியபோது வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிற பெண் யாராக இருந்தாலும் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டீச்சர்தான்.

"உயிரோட இருக்கறவங்கள பத்தி யாரும் எழுதவே மாட்டாங்களா டீச்சர்?"

பெஞ்சுக்காரர்கள்

சரி, கதைப் புத்தகம் வேண்டும் என்று எழுதிப் போட்டுக் கெஞ்சியதில் ஒரு மூட்டை வந்தது. இந்த வயதுக்காரர்களுக்கென்றே எழுதப்பட்ட கதைகள். ஆசையாகப் பிரித்து உட்கார்ந்து படித்தால், அதிலும் கடைசிப் பக்கத்தில் யாராவது ஒருவர் போய்ச் சேர்ந்தார். வெள்ளம், விஷக்காய்ச்சல், தண்டவாளம். கதையில் ஒரு பிள்ளையைக் கொன்றால்தான் படிக்கிற பிள்ளை திருந்தும் என்று எழுதியவர்கள் நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. இருந்தாலும் கதை கதைதானே என்று அலமாரியின் மேல் தட்டில் அடுக்கினேன்.

பையன்கள் எடுத்தார்கள். பெண் பிள்ளைகள் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். காரணம் உள்ளே போட்டிருந்த பெஞ்சு. காலையில் திறக்கும்போது பேப்பர் படிக்க உட்காருகிறவர்கள் சாயங்காலம் பூட்டும்போதுதான் எழுந்திருப்பார்கள். யார் வந்தாலும் பேப்பருக்கு மேலே கண் வரும். "பொம்பளப் புள்ளைங்க வந்து எடுக்கட்டுமே, கொஞ்சம் வழி விடுங்க" என்று அவர்களில் மூத்தவரான ரிட்டையர்டு கிளார்க்கிடம் ஒருநாள் சொன்னேன். அவர் பேப்பரை மடக்கி வைத்துவிட்டு எனக்காக ரொம்ப வருத்தப்பட்டார்.

"பொட்டப் புள்ளைங்க கதபுக்கு படிச்சா அடுப்புல சோறு தீஞ்சி பூடும்மா, எங்க வூட்டுலயே பாத்துக்கினுதான இருக்கேன்."

ஜாமீன் கையெழுத்து

அந்தப் பெஞ்சைத் தாண்டி முதலில் உள்ளே வந்தவர்கள் விடுதிப் பிள்ளைகள். மலையிலிருந்து இறங்கி வந்து படிக்கிற பெண்களுக்கு எங்கள் தெருக்கோடியில் ஒரு விடுதி இருந்தது. கும்பலாக வந்ததால் பயமில்லை. ஆனால் உறுப்பினராக வேண்டுமென்றால் உள்ளூரில் வீடு இருக்கிற ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். புத்தகம் தொலைந்தால் அவர் தலையில் விழும். மலைக்காரப் பிள்ளைக்கு அடிவாரத்தில் யார் போடுவார்கள்? கடைசியில் விடுதிச் சமையல்கார மேரியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். எல்லாருக்கும் போடச் சொன்னதற்கு முடியவே முடியாது என்றுவிட்டார். ஒரு பிள்ளைக்கு மட்டும் போட்டார். ஆக, விடுதி முழுவதற்கும் ஒரே கார்டு, ஒரு தடவைக்கு ஒரே புத்தகம்.

கார்டு சாந்தி என்கிற பத்தாம் வகுப்புப் பிள்ளையின் பேரில் இருந்தது. எல்லாரும் முறை வைத்துப் படித்தால் கெடு தாண்டிவிடும் என்று அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சாயங்காலம் துணி துவைக்கிற தொட்டியைச் சுற்றி எல்லாரும் சோப்புப் போடுவார்கள், சாந்தி மட்டும் மேட்டில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். அவள் துணியை மற்றவர்கள் துவைத்துவிடுவார்கள். எனக்கு இதுவரை யாரும் கற்றுக்கொடுக்காத ஒரு பரிந்துரை முறை அன்றைக்குத் தேவைப்பட்டது. கண்ணுக்கு இல்லை, காதுக்கு. சாந்தியோடு வந்த பிள்ளை ஒருத்தி கேட்டது அப்படி.

"கேக்கறதுக்கு நல்லாருக்கற புக்கா பாத்து குடுங்க டீச்சர், படிக்கறது இவ ஒருத்திதான்."

பிழைத்து வந்த பையன்

ஒரு தடவை, ஆற்று வெள்ளத்தில் தம்பியைக் காப்பாற்றப் போய் அண்ணன் செத்துப்போகிற கதையைக் கொடுத்தேன். திருப்பிக் கொடுக்க வந்த கும்பல் சிரிப்பும் கும்மாளமுமாக வந்தது. அந்த அண்ணன் மறுநாள் காலையில் புளியமரத்துக் கிளையிலிருந்து இறங்கி வந்து, அழுதுகொண்டிருந்த சொந்தக்காரர்களிடம் "யாரு செத்தது?" என்று கேட்டானாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நான் சாந்தியைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

மற்றவர்கள் வெளியே போனதும் கடைசிப் பக்கத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தேன். புளியமரமும் இல்லை, கிளையும் இல்லை. எனக்குக் கோபம் வரவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் வாயைத் திறந்தாள். எழுதியவரைவிட நன்றாக முடித்திருக்கிறாள் என்றே எனக்குத் தோன்றியது.

"செத்துப் போறத அப்படியே படிச்சா அன்னிக்கி ராத்திரி யாரும் சோறு துன்ன மாட்டாங்க டீச்சர், மேரியம்மா என்னத்தான் திட்டுவாங்க."

காவேரி கேட்டது

அந்தக் கும்பலில் கடைசியாக நிற்கிற பிள்ளை காவேரி. அவளும் பத்தாவது. அரையாண்டுப் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் அவளுடைய அப்பா குப்புசாமி, மலையிலிருந்து வந்து மேரியம்மாவிடம் ஒரு செய்தி சொல்லிவிட்டுப் போனார். லீவு விட்டதும் காவேரியைக் கோயம்புத்தூர் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு அனுப்புகிறார்கள். ஏஜெண்ட் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும், மூன்று வருஷம் அங்கேயே தங்கி வேலை. பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம்கூட இல்லை. விடுதியில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். காவேரி வழக்கம்போலத் தொட்டியோரம் துணி கசக்கிக்கொண்டு கதை கேட்டாள்.

அப்போது அவர்கள் கையில் இருந்தது, ஒரு கிராமத்துப் பெண்ணைப் பட்டணத்தில் பெரிய வீட்டு வேலைக்கு அனுப்புகிற கதை. அதன் கடைசிப் பக்கம் எப்படி என்று எனக்குத் தெரியும், அதை சாந்தி எப்படியும் விட்டுவைக்க மாட்டாள் என்பதும் தெரியும். லீவு விடுகிற அன்றைக்கு சாந்தியோடு காவேரியும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். அத்தனை மாதத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவள் கேட்ட ஊர் புத்தகத்தில் இல்லை, அது சாந்தி சேர்த்தது. "ஊர் பேரு போடலம்மா" என்று மட்டும் சொன்னேன்.

"வண்டி டீ குடிக்க நிக்கும்போது அந்தப் பொண்ணு எறங்கிச்சே டீச்சர், அது எந்த ஊரு?"

யூனிஃபார்ம்

இனி வருவது மேரியம்மா சொல்லி எனக்குத் தெரிந்தது. ஏஜெண்ட் வேனில் காவேரியோடு மலையிலிருந்து இன்னும் சில பெண்கள் ஏறினார்கள். கிழியாத துணி என்று அவளிடம் இருந்தது யூனிஃபார்ம் மட்டும்தான், அதைத்தான் உடுத்தியிருந்தாள். சின்னசேலம் தாண்டி ஒரு டீக்கடையில் வேன் நின்றது. வயிற்று வலி என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் பின்பக்கம் போனவள், அப்படியே வரப்பில் நடந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டாள். கள்ளக்குறிச்சி பஸ் வந்தது. பத்தாம் வகுப்புக்கு லீவிலும் ஸ்பெஷல் கிளாஸ் உண்டு என்பதால், யூனிஃபார்ம் போட்ட பிள்ளையைக் கண்டக்டர் ஒன்றும் கேட்கவில்லை.

சாந்தி முடித்த கதையில், இறங்கிய பெண் நேரே ஒரு டீச்சர் வீட்டுக்குப் போவாள். கதவு திறந்திருக்கும். டீச்சர் தட்டில் சோறு போட்டு, பரீட்சை எழுதிவிட்டுப் போ என்பார். காவேரி விடுதிக்கு வந்தாள். லீவுக்குப் பூட்டிய விடுதி. மேரியம்மா மறுநாள் காலையில் கோழிக்கு நொய் போட வந்தபோது வாசற்படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கஞ்சி கொடுத்தார். அவள் அதைக் குடிக்காமல் முதலில் கேட்டது இதுதான்.

"கதவு ஏன் பூட்டியிருந்திச்சி மேரியம்மா?"

மேல படி

இரண்டு நாளில் ஏஜெண்ட் மலைக்குப் போய்க் குப்புசாமியைக் கூட்டிக்கொண்டு மேரியம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். யார் சொல்லிக் கொடுத்து இறங்கினாய் என்று அதட்டியதற்குக் காவேரி உள்ளதைச் சொல்லிவிட்டாள். லைப்ரரி புக்கு. அடுத்த பத்து நிமிஷத்தில் இரண்டு பேரும் என் மேஜைக்கு முன்னால். ஏஜெண்ட் மடிப்புக் கலையாத சட்டை, சத்தமான ஆள். குப்புசாமி செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து ஓரமாக நின்றார். "வயசுப் பொண்ணுங்களுக்கு ஓடிப்போறதுக்குச் சொல்லித்தர்ற புக்கா குடுக்கறீங்க? பெஞ்சுல இருக்கற பெரியவங்க கேளுங்க!" என்று ஏஜெண்ட் கத்தினார். பெஞ்சில் எல்லாப் பேப்பரும் கீழே இறங்கியது.

நான் அந்தப் புத்தகத்தை எடுத்து, கடைசி அத்தியாயத்தைப் பிரித்து அவர் கையில் கொடுத்தேன். "நீங்களே எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிங்க." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். வேலைக்குப் போன பெண்ணுக்குக் காய்ச்சல் வருகிறது. அந்த வீட்டில் யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை. அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறாள், தீபாவளிக்குப் போகலாம் என்கிறார்கள். அந்த இடத்தில் ஏஜெண்டின் குரல் இறங்கியது. நிறுத்திவிட்டுப் புத்தகத்தை மூடப் பார்த்தார். குப்புசாமி ஓரத்திலிருந்து வந்து அவர் பக்கத்தில் நின்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுத்து ஓடுகிற இடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு, "மேல படி" என்றார்.

"அதான் தெரியுதே, விடு."

"படிப்பா. அந்தப் பொண்ணு இன்னா ஆச்சி?"

ஏஜெண்டுக்கு வேறு வழியில்லை. பெஞ்சு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பெண் செத்ததையும், அப்பன்காரன் அவள் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியதையும் கடைசி வரிவரைக்கும் அவர் வாயாலேயே படித்தார். குப்புசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. காவேரி பரீட்சை எழுதிவிடுவாள் என்றே நினைத்தேன்.

"வண்டிய எடுத்துக்கினு போய்யா, எம் பொண்ணு வராது."

வெளியூர்

லீவு முடிந்து விடுதி திறந்தது. எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள், காவேரி வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையும் நானும் ஞாயிற்றுக்கிழமை மலை பஸ்ஸில் ஏறினோம். வெள்ளிமலையில் இறங்கி அரைநாள் நடை. குப்புசாமி எங்களைப் பாய் போட்டு உட்காரவைத்தார். மரவள்ளிக்கிழங்கு அவித்து வந்தது. கொண்டுவந்து வைத்தவள் காவேரி. யூனிஃபார்ம் சட்டையில் கை மடித்துவிட்டிருந்தாள், மண்வெட்டி பிடித்த கை.

தலைமையாசிரியை அவருக்குத் தெரிந்த அத்தனையும் சொன்னார். சர்க்கார் உதவி, விடுதி இலவசம், பரீட்சைக்கு ரெண்டே மாதம். குப்புசாமி ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்றார். மனுஷன் கெட்டவர் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். மகளை மில்லுக்கு அனுப்பவில்லை, இனிமேலும் அனுப்பப் போவதில்லை என்று சாமி மேல் சத்தியம் பண்ணினார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். அன்றைக்கு நூலகத்தில் கேட்டதை ஒரு வரி விடாமல் ஞாபகம் வைத்திருந்தார். காய்ச்சல், தீபாவளி, தகரப் பெட்டி.

"அவுங்க எங்கயோ பட்டணத்துக்கு அனுப்பிதான பொண்ண சாவ குடுத்தாங்க? ஆஸ்டலும் வெளியூருதான டீச்சர்?"

கணக்கு கைடு

கீழே வந்து சாந்தியிடம் விஷயத்தைச் சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது. அவள் அழவில்லை. விடுதிப் பிள்ளைகள் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து கேட்டும் அந்த வருஷம் அவள் படிக்க மறுத்துவிட்டாள் என்று மேரியம்மா சொன்னார். துணி துவைக்கிற சத்தம் மட்டும்தானாம்.

அவளுக்காகவே ஒரு புத்தகம் தேடி வைத்திருந்தேன். யாரும் சாகாத கதை. அந்த மூட்டையிலேயே அப்படி ஒன்றுதான் இருந்தது. நீட்டினேன். பின்னட்டையைப் பார்த்துவிட்டு மேஜையிலேயே வைத்தாள்.

"கணக்கு கைடு இருந்தா குடுங்க டீச்சர், அதுல எதையும் மாத்த முடியாது."

கடுக்காய் மூட்டை

சாந்தி தேறிவிட்டாள், மேலே படிக்கக் கள்ளக்குறிச்சிக்குப் போனாள். அடுத்த வருஷம் ஒரு சந்தை நாளில் குப்புசாமி கடுக்காய் மூட்டையோடு கீழே வந்தார். கூடவே காவேரி, தலையில் ஒரு சின்ன மூட்டை. அவர் அவளை எங்கேயும் தனியாக விடுவதில்லை. வியாபாரியிடம் அவர் எடை போட்டுக்கொண்டிருக்க, அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நூலக வாசலில் வந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. வளர்ந்திருந்தாள். நமக்குத் தெரிந்த ஒரே மருந்து புத்தகம்தானே. யாரும் சாகாத அந்தக் கதையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். கார்டு வேண்டாம், கெடு வேண்டாம், எப்போது கீழே வருகிறாயோ அப்போது கொடு என்றேன்.

அவள் புத்தகத்தை வாங்கினாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அட்டைப் படத்தைப் பார்த்தாள். பிரிக்கவில்லை. இதில் எல்லாரும் உயிரோடு இருப்பார்கள், எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் சொன்னதை அவள் நம்பவில்லை என்று தெரிந்தது. தொட்டியோரம் கேட்ட கதைகளுக்கெல்லாம் உள்ளே வேறு கடைசிப் பக்கம் இருந்தது என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும், அப்பாவாகத்தான் இருக்கும். தெருவில் எடை முடிந்து குப்புசாமி அவளைக் கூப்பிட்டார். புத்தகத்தை என் கையில் திருப்பி வைத்தாள்.

"வேணாம் டீச்சர், நானா படிச்சா எழுதியிருக்கறதுதான வரும்."

இளைஞர் பகுதிப் புத்தகம் ஒன்றைக் கடைசிப் பக்கம் வரைக்கும் கேட்டு, அதை முழுசாக நம்பி, அதன்படியே நடந்தவர் என்று என் சர்வீசில் நான் பார்த்தது ஒரே ஒருவரைத்தான். அவருக்கு வயது நாற்பதுக்கு மேல், எழுத்து வாசனை கிடையாது, உறுப்பினர் கார்டும் கிடையாது.